உறுப்பினர் பேக்கா, டிஜிட்டல் அட்டையா, ஜெர்சி மட்டும் போதுமா? கிளப் ரசிகர்களுக்கான ஒப்பீடு

சீசன் நெருங்கினால் விளையாட்டுக் கிளப்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் கடை விரிக்கும். சீசன் டிக்கெட், பெட்டியோடு வரும் உறுப்பினர் பேக், பெட்டி இல்லாத டிஜிட்டல் அட்டை, சிறுவர் பேக், மூன்று நிறத்தில் புது ஜெர்சி. எல்லாவற்றின் மேலும் ஒரே சின்னம் இருப்பதால், ஒரே பொருளைச் சிறிதும் பெரிதுமாக விற்கிறார்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் இவை வேறு வேறு சரக்கு.

உறுப்பினர் கட்டணத்துக்குள் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று உரிமை: பொது விற்பனைக்கு முன்பே டிக்கெட் கேட்கலாம், சில கிளப்புகளில் வாக்கும் உண்டு. மற்றொன்று பொருள்: ஸ்கார்ஃப், பேட்ஜ், நாட்காட்டி, பெயர் அச்சிட்ட அட்டை. இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக என்ன கொடுக்கிறோம் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை வைத்துச் சேர்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் ஏமாற்றம்.

அட்டை எதைத் தருகிறது என்பதும் லீக்குக்கு லீக் மாறும். இங்கிலாந்துக் கால்பந்தில் சாதாரண உறுப்பினர் அட்டை, டிக்கெட் வாங்க முயற்சி செய்யும் உரிமை மட்டுமே. டிக்கெட்டுக்குத் தனிக் காசு. ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கான ஏஎஃப்எல்லில் பல உறுப்பினர் வகைகள் மைதான நுழைவையே உள்ளடக்கியவை. அங்கே ரிச்மண்ட் கிளப் 2018-இல் ஒரு லட்சம் உறுப்பினர்களைத் தாண்டியது. அந்த லீக்கில் அதைச் செய்த முதல் கிளப் அது. ஜெர்மனியில் உறுப்பினர் என்றால் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கை தூக்கக்கூடியவர். ஒரு நாட்டுக் கிளப்பில் கிடைத்த அனுபவத்தை வைத்து இன்னொரு நாட்டுக் கிளப்பில் சேர்ந்தால், முதல் ஆட்டத்தன்றே வாசலில் நிற்க வேண்டி வரும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

எத்தனை ஆட்டம் நேரில் பார்ப்பீர்கள். ஆசைக் கணக்கு வேண்டாம். போன சீசனில் உண்மையில் போன எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். 3 வரை, 4 முதல் 10, அதற்கு மேல் என்று மூன்று வகையாகப் பிரித்தால் போதும்.

டிக்கெட் பொது விற்பனைக்கு வருகிறதா. எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிளப்பின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இரண்டு இருக்கைகளைச் சேர்ந்தாற்போல் வாங்க முடிகிறதென்றால், வரிசையில் முன்னால் நிற்கும் உரிமைக்கு அங்கே மதிப்பே இல்லை. பெரிய எதிரணி, சிறிய எதிரணி, கோப்பை ஆட்டம் என்று மூன்று ஆட்டங்களைக் கவனித்தாலே நிலவரம் தெரிந்துவிடும்.

பொருளைத் தனியாக விற்றால் எடுப்பீர்களா. பேக்கின் "மொத்த மதிப்பு" என்று கிளப் போடும் எண்ணை மறந்துவிடுங்கள். கடையில் தொங்கினால் நீங்களே எடுக்கக்கூடிய பொருளுக்கு மட்டும் விலை போடுங்கள், மற்றதற்குப் பூஜ்யம்.

வீடு வந்து சேரும் செலவு. அஞ்சல், சுங்க வரி, கூரியர் நிறுவனம் வசூலிக்கும் கையாளும் கட்டணம். வேறு நாட்டிலிருந்து வாங்குபவருக்கு இது பொருளின் விலையையே எட்டிப் பிடிக்கலாம்.

எந்த மாதத்தில் சேர்கிறீர்கள். பெரும்பாலான உறுப்பினர் திட்டங்கள் சீசனோடு முடியும். சேர்ந்த நாளிலிருந்து 12 மாதம் அல்ல. ஐரோப்பாவின் பெரிய கால்பந்து லீக்குகள் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிகின்றன. பிப்ரவரியில் முழுக் கட்டணம் கொடுத்துச் சேர்ந்தால் மூன்று, நான்கு மாத உரிமைதான் மிச்சம். பாதிச் சீசனுக்குக் குறைந்த கட்டணம் உண்டா என்று முதலில் பாருங்கள்.

வெளியேறும் வழி. தானாகப் புதுப்பிக்கப்படுமா, பணம் திரும்புமா. இதைச் சேரும் அன்றே பார்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | காசு எதற்கு | மறைவான செலவு | பொருந்துபவர் |
|---|---|---|---|
| சீசன் டிக்கெட் | உறுதியான இருக்கை | போக முடியாத ஆட்டங்கள், கோப்பை ஆட்டக் கட்டாயம் | அருகில் இருந்து பாதிக்கு மேல் பார்ப்பவர் |
| பேக்குடன் உறுப்பினர் | முன்விற்பனை உரிமை + பொருள் | அஞ்சல், சுங்கம், தாமதம் | பரிசளிப்பவர், சிறுவர், சேகரிப்பவர் |
| டிஜிட்டல் உறுப்பினர் | முன்விற்பனை உரிமை | டிக்கெட்டுக்குத் தனிக் காசு, குலுக்கல் | 4 முதல் 10 ஆட்டம் பார்ப்பவர் |
| பொருள் மட்டும் | ஜெர்சி, ஸ்கார்ஃப் | தவறான அளவு, பெயர் அச்சு, போலி | தொலைவில் இருப்பவர் |
| வாக்குரிமை உறுப்பினர், பங்கு | கிளப் முடிவுகளில் பங்கு | நேரில் போய் வாக்களிக்கும் செலவு | கிளப் நிர்வாகத்தில் அக்கறை உள்ளவர் |

## சீசன் டிக்கெட்

20 அணி லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் சொந்த மைதானத்தில் 19 ஆட்டம். 18 அணி என்றால் 17. ஐபிஎல் போல லீக் சுற்றில் 14 ஆட்டம் மட்டும் உள்ள தொடரில் 7. சீசன் டிக்கெட் விலையை ஒரு தனி டிக்கெட்டின் விலையால் வகுத்தால், எத்தனை ஆட்டம் போனால் போட்ட காசு திரும்பும் என்று தெரியும். 19 ஆட்டத்துக்கான சீசன் டிக்கெட் 13 தனி டிக்கெட் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். 14-ஆவது ஆட்டத்திலிருந்துதான் லாபம்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. பல கிளப்புகள் எதிரணியைப் பொறுத்து டிக்கெட் விலையை இரண்டு, மூன்று தரமாகப் பிரிக்கின்றன. நீங்கள் தவறவிடப்போவது பெரும்பாலும் வார நாள் இரவில் நடக்கும் மலிவுத் தர ஆட்டங்கள். அப்படியானால் போகும் ஆட்டங்களைத் தனித்தனியாக, அந்தந்தத் தரத்தின் விலையில் கூட்டிப் பார்த்து அதைச் சீசன் டிக்கெட்டோடு ஒப்பிடுவதே சரி. சராசரி விலை சீசன் டிக்கெட்டுக்கு எதிராகப் பொய் சொல்லும்.

ஒளிபரப்புக்காக ஆட்ட நேரம் மாறுவது அடுத்த அடி. சனிக்கிழமை மதியம் என்று அட்டவணையில் இருக்கும் ஆட்டம், சில வாரங்களுக்கு முன்புதான் ஞாயிறு மாலைக்கோ திங்கள் இரவுக்கோ நகர்த்தப்படும். வெளியூரிலிருந்து ரயிலில் வருபவருக்குத் திரும்பும் ரயிலே இருக்காது. பயணச்சீட்டை முன்கூட்டி எடுத்தவருக்கு இரட்டை நஷ்டம்.

விதிமுறைகளில் தேட வேண்டியவை மூன்று. கோப்பை ஆட்ட டிக்கெட்டுகளுக்குத் தானாகப் பணம் எடுக்கும் திட்டம் கட்டாயமா, விருப்பமா? சீசனில் இத்தனை ஆட்டத்துக்காவது இருக்கை நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி உண்டா? போக முடியாதபோது கிளப்பின் அதிகாரபூர்வ மறுவிற்பனைத் தளத்தில் விட்டால், எவ்வளவு திரும்பும்? இருக்கை விற்றால் மட்டும்தான் பணம் என்பது வழக்கம். விற்காவிட்டால் எதுவும் இல்லை. தெரிந்தவரிடம் கைமாற்றி விடலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. இங்கிலாந்து, வேல்ஸில் அனுமதியின்றிக் கால்பந்து டிக்கெட் விற்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கிளப் தனியாக அட்டையையும் முடக்கும்.

எதிர்ப்பக்க வாதமும் உண்டு. காத்திருப்புப் பட்டியல் நீளமான கிளப்பில் ஒருமுறை சீசன் டிக்கெட்டை விட்டால் திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு மோசமான ஆண்டின் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வது அறிவான முடிவாகவே இருக்கலாம். பட்டியலே இல்லாத கிளப்பில் அந்தப் பயத்துக்கு இடமில்லை. ஒரு சீசன் விட்டுவிட்டு மறுபடி சேரலாம்.

## பெட்டியோடு வரும் உறுப்பினர் பேக்

டிஜிட்டல் வகையின் கட்டணம் 70, பேக் வகை 100 என்று ஒரு கற்பனைக் கணக்கு. வித்தியாசம் 30. அஞ்சல் 15 சேர்ந்தால், பெட்டிக்கு நீங்கள் கொடுப்பது 45. இப்போது பெட்டியைத் திறந்து பாருங்கள்: ஸ்கார்ஃப், உலோகப் பேட்ஜ், சாவிக்கொத்து, நாட்காட்டி, ஸ்டிக்கர் தாள், வரவேற்புக் கடிதம். கடையில் எடுத்திருக்கக்கூடியது ஸ்கார்ஃபும் பேட்ஜும் என்றால் அவற்றின் விலையை 45-ஓடு ஒப்பிடுங்கள். முதல் ஆண்டில் கணக்கு ஓரளவு நேராகும். மூன்றாம் ஆண்டில் மூன்றாவது ஸ்கார்ஃபுக்கு அதே மதிப்பு இருக்காது. புதுப்பிக்கும்போது பேக்கிலிருந்து டிஜிட்டலுக்கு இறங்குவதுதான் பலருக்கும் நல்லது. அப்படி இறங்கினால் சேர்ந்திருக்கும் ஆண்டுகளும், டிக்கெட் முன்னுரிமைக்காகச் சேர்த்த புள்ளிகளும் அப்படியே தொடருமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேக்குகள் தொகுதி தொகுதியாகத்தான் அனுப்பப்படும். சீசனுக்கு முன் குறிப்பிட்ட தேதிக்குள் சேர்ந்தவர்களுக்கு முதல் தொகுதி. பிறகு சேர்ந்தவர்களுக்கு ஆறு வாரம், எட்டு வாரம் ஆவது சாதாரணம். பிறந்தநாள் பரிசாக வாங்குபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமை மின்னஞ்சலில் அன்றே தொடங்கிவிடும், பெட்டி எப்போதோ வரும். டி-ஷர்ட் உள்ள பேக் என்றால் அளவைச் சேரும்போதே கேட்பார்கள், பிறகு மாற்றித் தர மாட்டார்கள். தொப்பியும் ஸ்கார்ஃபும் உள்ள பேக் பாதுகாப்பானது.

எல்லை தாண்டும்போது இன்னொரு செலவு முளைக்கிறது. 22 யூரோ வரையிலான சிறு பொருட்களுக்கு இருந்த விற்பனை வரி விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் நீக்கியது. அதே ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் ஒன்றியத்தின் சுங்க அமைப்பிலிருந்து வெளியேறியிருந்தது. ஆக, இங்கிலாந்துக் கிளப்பின் பேக்கை ஒன்றிய நாட்டில் வாங்கும் ரசிகருக்குச் சின்னப் பெட்டிக்கும் வரி உண்டு. அமெரிக்காவும் 800 டாலர் வரையிலான சரக்குகளுக்குத் தந்துவந்த விலக்கை 2025 ஆகஸ்டில் நிறுத்தியது. வரியைவிட எரிச்சலூட்டுவது கூரியர் கட்டணம்: வரியைத் தான் முன்கூட்டிக் கட்டியதற்காக அந்த நிறுவனம் கேட்கும் தொகை, சில சமயம் வரியை விட அதிகம். பணம் செலுத்தும் பக்கத்தில் "வரிகள் உட்பட" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாசலில் கட்டப்போவது நீங்கள்தான்.

பேக் வகை வெல்லும் இடம் பரிசு. பிரித்துப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? மின்னஞ்சலில் வரும் அட்டையை யாரும் வண்ணக் காகிதத்தில் சுற்றித் தர முடியாது.

## டிஜிட்டல் உறுப்பினர்

4 முதல் 10 ஆட்டம் பார்க்கும் ரசிகருக்கு, டிக்கெட் கிடைப்பது கடினமான கிளப்பில், இதுவே சரியான தேர்வு என்பது எங்கள் கணிப்பு. ஆனால் உறுப்பினர் ஆனால் டிக்கெட் கிடைத்துவிடும் என்பது வேறு. அர்செனலை எடுத்துக்கொண்டால், அங்கே உறுப்பினர்களே ரெட், சில்வர் என்று அடுக்குகளாக இருக்கிறார்கள். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் கோல்டு. உங்களுக்கு முன்னால் எத்தனை அடுக்கு இருக்கிறது என்பதைக் கிளப்பின் டிக்கெட் பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டுச் சேருங்கள்.

தேவை அதிகமான கிளப்புகள் இப்போது குலுக்கலுக்கு மாறிவருகின்றன. அதில் தவறு நடக்கும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் இவைதான்:

1. இருவர் சேர்ந்து உட்கார வேண்டும் என்றால், இருவரும் உறுப்பினராக இருந்து, கணக்குகளை விற்பனை தொடங்கும் முன்பே ஒன்றோடொன்று இணைத்திருக்க வேண்டும். ஒரு உறுப்பினர் எண்ணுக்கு ஒரு டிக்கெட் என்பதே பொது விதி.
2. குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கும் கால அவகாசம் ஆட்டத்துக்கு ஒரு மாதத்துக்கும் முன்பே முடிந்துவிடலாம். விற்பனைத் தேதிகளை நாட்காட்டியில் ஏற்றிவைக்காமல் மின்னஞ்சலை நம்பினால் தவறிப்போகும்.
3. வென்றால் அட்டையில் பணம் தானாக எடுக்கப்படும். வங்கி அட்டையின் காலாவதித் தேதி தாண்டியிருந்தாலோ, வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருந்தாலோ, அந்த இருக்கை அடுத்தவருக்குப் போய்விடும்.
4. டிக்கெட் கைபேசியின் வாலட்டில் இறங்கும். வாயிலில் என்எஃப்சி (கைபேசியைக் கருவியின் அருகே காட்டினாலே படிக்கும் வசதி) வழியாகப் படிக்கப்படும். என்எஃப்சி இல்லாத கைபேசி என்றால் மாற்று வழி என்ன என்று முன்பே கேட்க வேண்டும். க்யூஆர் குறியீட்டைப் படம் எடுத்துக் கொண்டுபோனால் பல மைதானங்களில் கதவு திறக்காது.

கடைத் தள்ளுபடியைக் காட்டிச் சேர்க்கும் விளம்பரங்களைக் கணக்கில் போடாதீர்கள். கட்டணம் 60, தள்ளுபடி 10 சதவீதம் என்றால், 600-க்கு வாங்கினால்தான் கட்டணம் திரும்பும். புது ஜெர்சிக்கும் பெயர் அச்சுக்கும் தள்ளுபடி பொருந்தாது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். "கிளப் டிவி" என்ற சலுகையும் அப்படித்தான். முதல் அணியின் லீக் ஆட்டங்களை நேரலையாகக் காட்டும் உரிமையைப் பெரிய லீக்குகள் மொத்தமாக ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடுகின்றன. அதனால் கிளப்பால் தர முடிவது ஒலி வர்ணனை, இளையோர் அணி ஆட்டம், நேரம் கழித்து வரும் மறுஒளிபரப்பு, நட்பு ஆட்டங்கள். அவை பிடிக்கும் என்றால் நல்லது.

## சிறுவர் பேக்

இங்கே மட்டும் பெட்டிக்கு உண்மையான மதிப்பு உண்டு. குழந்தைக்கு ஸ்டிக்கரும் பென்சில் பெட்டியும் பெயர் போட்ட அட்டையும்தான் கிளப். கட்டணமும் பெரியவர்களுக்கானதை விடக் குறைவு.

இருந்தாலும் சிக்கல் இரண்டு. வயது வரம்பு எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். சீசன் தொடங்கும் நாளிலா, சேரும் நாளிலா என்பதைப் பொறுத்து 5 வயதுக்காரருக்குக் கைக்குழந்தைப் பேக் வந்து சேரும். அடுத்து, சிறுவருக்கு மட்டும் உறுப்பினர் எடுத்துவிட்டு டிக்கெட் கேட்கப் போனால், கூட வரும் பெரியவருக்கும் உறுப்பினர் எண் தேவை என்று தளம் நிறுத்திவிடும். ஆகவே மைதானத்துக்கு அழைத்துப்போகும் எண்ணம் இருந்தால் செலவு ஒரு கட்டணம் அல்ல, இரண்டு.

## உறுப்பினர் ஆகாமல் பொருள் மட்டும்

ஆண்டுக்கு ஓர் ஆட்டம்கூட நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர் உறுப்பினர் கட்டணத்தை அப்படியே ஜெர்சியில் போடலாம். பெரும்பாலான தொலைதூர ரசிகர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். ஆனால் ஜெர்சிக்குள்ளேயே நான்கு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன.

பிளேயர் வெர்ஷனா, ஃபேன் வெர்ஷனா. பிளேயர் வெர்ஷன் ஆட்டக்காரர் களத்தில் அணியும் அதே வெட்டு: உடலை ஒட்டியிருக்கும், துணி மெல்லியது, காற்றோட்டத்துக்கு நுண்துளை, எடை குறையச் சின்னத்தை வெப்பத்தால் ஒட்டியிருப்பார்கள். ஃபேன் வெர்ஷனில் வெட்டு தளர்வு, துணி கொஞ்சம் கனம், சின்னம் பெரும்பாலும் தையலோ நெசவோ. விலை வித்தியாசம் கணிசமானது. தெருவில், அலுவலகத்தில், சோபாவில் போட்டுக்கொள்ள ஃபேன் வெர்ஷன்தான் நல்லது. அதிலும் துவைத்துத் துவைத்து அணிபவருக்குத் தைத்த சின்னம் அதிக நாள் தாங்கும். ஒட்டிய சின்னம் ஓரத்திலிருந்து கிளம்ப ஆரம்பித்தால் சரிசெய்வது கடினம். பிளேயர் வெர்ஷன் விளையாடுபவருக்கும், சட்டம் போட்டு மாட்டிவைக்கும் சேகரிப்பாளருக்கும். விரும்பி அதையே வாங்கினால் வழக்கமான அளவுக்கு ஒன்று மேலே எடுங்கள்.

அளவு பார்க்கும் முறை: நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றை மேசையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள மார்புச் சுற்றளவோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை: அட்டவணை தருவது உடல் அளவா, துணி அளவா என்று பாருங்கள். உடல் அளவு என்றால் துணி அதைவிட 8 முதல் 12 செ.மீ. வரை பெரிதாக இருக்கும். ஒல்லியான பெரியவருக்குச் சிறுவர் எக்ஸ்எல் அளவு பொருந்திப்போவதும் உண்டு, விலையும் குறைவு. இங்கிலாந்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது: சூதாட்ட நிறுவன விளம்பரம் சிறுவர் ஜெர்சிகளில் வராது. (பெரியவர் ஜெர்சியின் முன்பக்கத்திலிருந்தும் அதை 2025–26 சீசனின் முடிவோடு எடுத்துவிடுவதாக பிரீமியர் லீக் கிளப்புகள் 2023-இல் ஒப்புக்கொண்டன.)

பெயர் அச்சிடுவதா. அச்சிட்ட ஜெர்சியைத் திருப்பித் தர முடியாது. இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய விதி இருக்கிறது. வாங்குபவருக்கென்றே தனியாகச் செய்த பொருளுக்கு அது பொருந்தாது. அளவு சரியா என்று தெரியாத முதல் ஜெர்சியில் பெயர் போடாதீர்கள். ஆட்டக்காரர் விலகும் ஆபத்து தனி. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போனபோது அந்தச் சீசனுக்கான புது ஜெர்சி ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டது. பாரிஸில் அவர் அணிந்த எண்ணும் 10 அல்ல, 30. ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் பரிமாற்றக் காலம் முடியும் வரை, ஐரோப்பாவில் பொதுவாக ஆகஸ்ட் இறுதி அல்லது செப்டம்பர் முதல் சில நாட்கள் வரை, காத்திருந்தால் இந்த ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். பெயரே இல்லாத ஜெர்சி எந்தக் காலத்திலும் பழசாவதில்லை.

எப்போது வாங்குவது. புது ஜெர்சி வெளியாகும் மே–ஜூலை மாதங்களில் முழு விலை. சீசனின் கடைசிக் காலாண்டில் தள்ளுபடி தொடங்கும். அப்போது எம், எல் அளவுகள் முதலில் தீரும். மிஞ்சுவது எஸ், டபுள் எக்ஸ்எல். ஓர அளவு உள்ளவர்களுக்கு இது பொற்காலம். நடுத்தர அளவுக்காரர்கள் முதல் தள்ளுபடி அறிவித்த வாரத்திலேயே எடுக்க வேண்டும், இன்னும் குறையும் என்று காத்திருந்தால் கிடைக்காது. சொந்த மைதானம், வெளி மைதானம் இரண்டுக்குமான ஜெர்சிகளுக்கு அடுத்து வரும் மூன்றாம் ஜெர்சிதான் அதிகம் தேங்கும் சரக்கு. விலையும் அதில்தான் முதலில் சரியும்.

அசலா, போலியா. உள்லேபிளில் பொருள் குறியீட்டு எண் இருக்கும். அதைத் தேடுபொறியில் இட்டால் அதே ஜெர்சி, அதே சீசன், அதே நிறம் வர வேண்டும். வேறு பொருள் வந்தால் போலி. குறியீடு சரியாக இருப்பது மட்டும் போதாது, ஏனென்றால் போலி செய்பவர்கள் அதையும் நகலெடுக்கிறார்கள். சின்னத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: நூல் பிசிறு, எழுத்துக்கு எழுத்து தாவும் நூல் வெட்டப்படாமல் இருப்பது, காகிதம் போன்ற விறைப்பான அடித்துணி ஆகியவை அடையாளங்கள். பழைய சீசன் ஜெர்சி எல்லா அளவிலும் கையிருப்பில் உள்ளதாக ஒரு தளம் சொன்னாலே சந்தேகப்படலாம்.

அச்சிட்ட எழுத்து உரிவதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் துவைக்கும் முறை. பெயரும் எண்ணும் வெப்ப அழுத்தத்தில் ஒட்டப்பட்டவை. பசை மறுபடி சூடானால் இளகும். உள்பக்கம் வெளியே திருப்பி, 30 டிகிரி செல்சியஸ் நீரில், துணி மென்மையாக்கி இல்லாமல் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். உலர்த்தும் இயந்திரம் வேண்டாம், அச்சின் மேல் நேரடியாக இஸ்திரி வேண்டாம். எண்ணின் நடுவே மடிப்பு விழும்படி மாதக்கணக்கில் அடுக்கிவைத்தாலும் அங்கே வெடிப்பு விடும்.

ஸ்கார்ஃப் பற்றி ஒரு வரி போதும்: இருபுறமும் வடிவம் தெரியும்படி நெய்தது நீடிக்கும், சாட்டின் துணியில் அச்சிட்டது வழுக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு அணிகளின் பெயரும் பாதிப் பாதி போட்ட ஸ்கார்ஃபை உள்ளூர் ரசிகர் கூட்டத்துக்கு நடுவே அணிந்து நிற்காமல் இருப்பது நல்லது.

## வாக்குரிமையும் பங்கும்

பார்சிலோனா, ரியல் மாட்ரிட், அத்லெடிக் பில்பாவோ, ஒசாசுனா ஆகிய நான்கும் உறுப்பினர்களுக்கே சொந்தமான கிளப்புகள். 1990-இல் ஸ்பெயின் கொண்டுவந்த சட்டம் மற்ற தொழில்முறைக் கிளப்புகளை நிறுவனங்களாக மாற்றியபோதும் இவை அப்படியே தொடர்ந்தன. ஜெர்மனியில் 50+1 விதிப்படி, சில விலக்குகள் தவிர, வாக்குப் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். இந்தக் கிளப்புகளில் கட்டணம் எதற்கு என்பது தெளிவு: தலைவரையும் நிர்வாகத்தையும் கேள்வி கேட்கும் உரிமை.

கவனிக்க வேண்டியது, ஒரே கிளப்பில் இரண்டு அட்டை இருப்பது. ரியல் மாட்ரிட்டில் வாக்குள்ளவர் சோசியோ. யார் வேண்டுமானாலும் காசு கட்டிப் பெறும் மாட்ரிடிஸ்டா அட்டை வேறு, அதற்கு வாக்கில்லை. சோசியோவாக இருந்தாலும் தலைவர் பதவிக்கு நிற்பது இன்னொரு கதை: 20 ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், கிளப் வரவுசெலவில் 15 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதமும் காட்ட வேண்டும்.

அமெரிக்கன் ஃபுட்பால் விளையாட்டின் கிரீன் பே பேக்கர்ஸ் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் அணி. முதல் விற்பனை 1923-இல், ஆறாவது 2021–22-இல். அந்தப் பங்குக்கு லாப ஈவு கிடையாது, சந்தையில் விற்க முடியாது, சீசன் டிக்கெட் வரிசையில் முன்னுரிமையும் இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் வாக்கும், சட்டம் போட்டு மாட்ட ஒரு சான்றிதழும் உண்டு. சேகரிப்புப் பொருளாகப் பார்த்தால் நியாயமான வாங்கல். முதலீடாகப் பார்த்தால் முழு நஷ்டம்.

ஃபேன் டோக்கன் என்ற பெயரில் பல கிளப்புகள் விற்கும் கிரிப்டோ சமாச்சாரத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் கிடைக்கும் "வாக்கு" பெரும்பாலும் கோல் அடித்தால் ஒலிக்கும் பாட்டு, உடைமாற்று அறையில் எழுதும் வாசகம் போன்றவற்றுக்கு. விலை ஏறி இறங்கும். ரசிகர் செலவுப் பட்டியலில் நாங்கள் அதைச் சேர்க்கவில்லை.

கிளப்போடு தொடர்பில்லாமல் ரசிகர்களே நடத்தும் சங்கங்கள் இன்னொரு வழி. கட்டணம் சொற்பம். கிளப் அங்கீகரித்த சங்கம் என்றால் சில சமயம் குழு டிக்கெட் ஒதுக்கீடும், வெளி மைதானப் பயணத்துக்குப் பேருந்தும் கிடைக்கும். சங்கத்தில் சேர்ந்தாலும், டிக்கெட் வாங்க ஒவ்வொருவரும் கிளப் உறுப்பினராகவும் இருக்க வேண்டுமா என்று செயலாளரிடம் கேட்டுவிடுங்கள். பல கிளப்புகளில் ஆம்.

## பணம் கட்டும் முன்

தானாகப் புதுப்பிக்கும் தெரிவு கட்டணப் பக்கத்தில் ஏற்கெனவே இயக்கத்தில் இருக்கும். அதை அணைக்க முடிந்தால் அப்போதே அணையுங்கள். முடியாவிட்டால், ரத்து செய்ய வேண்டிய கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பாகக் கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். அந்தத் தேதி பெரும்பாலும் சீசன் முடியும் சமயத்தில், புது ஜெர்சி விளம்பரங்களுக்கு நடுவே வந்துபோகும்.

உறுப்பினர் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே, அதே எழுத்துக்கூட்டலில் பதியுங்கள். முதலெழுத்தைப் பின்னால் போடுவதா முன்னால் போடுவதா என்று மாற்றி மாற்றி எழுதினால், பெயர் சரிபார்க்கும் வெளி மைதான வாயில்களில் சிக்கும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல் முகவரி வேண்டும். ஒரே முகவரியில் இரண்டு கணக்கு திறக்க முயன்றால் இரண்டாவதைத் தளம் ஏற்காது. புள்ளிகளும் குலுக்கல் பதிவுகளும் முதல் கணக்கோடு ஒட்டியிருக்கும் என்பதால், சீசன் நடுவில் கணக்கை மாற்றுவது பெரும்பாலும் கிளப்பின் டிக்கெட் அலுவலகத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.